பாட்டு முதலில், படம் பிறகு: தமிழில் கரோல் படப் புத்தகம் அச்சிட நினைப்போருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்மஸையொட்டிப் பாடசாலைகளில் நடக்கும் ஒளிவிழாவுக்கென்று சிறுவர்களுக்கான கரோல் படப் புத்தகம் ஒன்றைத் தமிழில் அச்சிட நினைக்கும் தேவாலயப் பங்குகளும் முன்பள்ளிகளும் ஞாயிறு பாடசாலைகளும் கொழும்பில் உண்டு. நல்ல எண்ணம். ஆனால் வேலையைப் பெரும்பாலும் படத்தில் இருந்து தொடங்குகிறார்கள். ஆங்கிலப் புத்தகம் ஒன்றை முன்னால் வைத்துப் படங்களை வரைவித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழ் வரிகளை நெருக்கி அடைக்கிறார்கள். கையில் எடுத்தால் புத்தகம் அழகாகத்தான் இருக்கும். பிள்ளைகளால் அதைப் பார்த்துப் பாடத்தான் முடியாது. முதலில் மெட்டு, பிறகு சொல், பிறகு பக்கப் பங்கீடு, அதற்குப் பிறகே படம், கடைசியில் அச்சு. இந்த வரிசை மாறும்போது எங்கே என்ன கெடுகிறது என்பதை விளக்கவே இக்கடிதம்.

பாட்டுகளைத் தெரிவு செய்யும்போதே உரிமையைப் பார்த்துவிட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 'அமைதி இரவு' (ஆங்கிலத்தில் 'சைலண்ட் நைட்') என்று நாம் பாடும் பாடலின் ஜெர்மன் வரிகளை யோசேப் மோர் 1816இல் எழுதினார். பிரான்ஸ் சாவேர் குரூபர் 1818இல் மெட்டமைத்தார். இருவரும் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டதால் மூல வரிகளும் மெட்டும் எல்லாருக்கும் பொது. அதே பாடலின் தமிழ் மொழிபெயர்ப்பு அப்படி அல்ல. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. பாமாலை எனும் சபைப் பாடல் புத்தகத்தில் இருந்து வரியை எடுப்பதற்கு முன் அதை எழுதியவர் யார், எப்போது மறைந்தார் என்று பார்க்க வேண்டும். உரிமை இன்னும் இருந்தால் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மேளம் அடிக்கும் சிறுவனைப் பற்றிய பாடலைப் பழைய நாட்டுப்பாடல் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கரான கத்தரின் கெனிகொட் டேவிஸ் அதை 1941இல் எழுதினார்; 1980இல் காலமானார். நம் சட்டப்படி 2050 முடியும்வரை அதைத் தமிழாக்கி அச்சிட அனுமதி தேவை. பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் அனுமதி கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுவதே சரி.

இனிச் சொல். கரோல் மெட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளின் அழுத்தத்துக்கு அமைந்தவை. தமிழில் அழுத்தத்தை விட அளவே பெரிது. குறிலை நீட்டினால் நெடிலாகும், சொல் வேறாகிவிடும். பசி பாசியாகும், படம் பாடமாகும், கல் காலாகும். மரியாளின் 'ம'வை நீண்ட சுரத்தில் வைத்தால் பிள்ளைகள் வாயில் மாரியாள் என்றுதான் வரும். பாடலை எழுதுபவர் மெட்டை வாயால் முணுமுணுத்துப் பார்த்தால் போதாது, ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் எண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். 'அமைதி இரவு' மெட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு சுரங்களின் நீளம் 3, 1, 2, 6 என்ற அளவில் இருக்கிறது. இங்கே 'வானிலே' என்ற சொல்லை வைத்தால் 'வா' மூன்று, 'னி' ஒன்று, 'லே' இரண்டு என்று இயல்பாகப் பொருந்திவிடும். 'பனியில்' என்று வைத்தால் அது 'பானியில்' ஆகிவிடும். ஆறு அளவு நீளும் நான்காம் சுரத்தில் நெடில் வர வேண்டும், இல்லையேல் 'ம்', 'ன்' போல முனகி நீட்டக்கூடிய மெய்யில் முடியும் எழுத்து வர வேண்டும். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களை நீட்ட முடியாது. வரியின் கடைசிச் சுரம் நீளும் இடத்தில் 'பாட்டு', 'கூத்து' போன்ற சொற்களை வைத்தால் பிள்ளைகள் 'பா' என்று நீட்டிவிட்டு மீதியை விழுங்கிவிடுவார்கள்.

தாளத்தின் முதல் தட்டுக்கு முன்னரே ஒரு சிறிய சுரத்தோடு தொடங்கும் மெட்டுகளும் பல உண்டு. தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தில்தான் எடுப்பு, மோனையும் அங்கேதான். 'பாலன்', 'வானம்' போல நெடிலில் தொடங்கும் சொல்லை அத்தகைய மெட்டில் முதலில் வைத்தால் 'பா' தாளத்துக்கு வெளியே நசுங்கி, 'லன்' தாளத் தட்டின் மேல் விழும். அங்கே பொருந்துபவை குறில் நெடில் இணைந்த நிரையசைச் சொற்கள்: இதோ, நிலா, விழா, பிதா, கனா. 'இ' தாளத்துக்கு முன், 'தோ' தாளத்தின் மேல். யாப்பு தெரிந்த ஒருவரை ஒரு மாலைப்பொழுது பக்கத்தில் இருத்திக்கொண்டால், மாதக்கணக்கில் திருத்தியும் சரிவராத வரிகள் சரியாகிவிடும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பாடலை அறியாத ஒருவரிடம் தாளில் எழுதிய வரிகளை மட்டும் கொடுத்து, மெட்டை வாசித்துக் காட்டி, உடனே பாடச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அந்த இடத்தில் சொல் தவறு. மெட்டுப் பழகியவர்கள் இந்தச் சோதனைக்கு உதவமாட்டார்கள். அவர்கள் எந்தச் சொல்லையும் இழுத்துச் சமாளித்துவிடுவார்கள்.

சுருதியும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாக வேண்டும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வசதியான எல்லை, ஆர்மோனியத்தின் நடு 'சி'க்கு மேலுள்ள 'டி'யில் இருந்து 'ஏ' வரையான ஐந்து சுரங்கள். 'அமைதி இரவு' கீழ்ச் சட்ஜத்தில் ('ஸ') முடிகிறது. அதற்குச் சற்று முன்னர் மேல்ஸ்தாயி மத்திமம்வரை (மேல் சுர அடுக்கின் 'ம') ஏறுகிறது. அவ்வளவு உயரம் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாது, கத்துவார்கள். அந்த ஒரு வரியை ஆசிரியரோ மூத்த பிள்ளைகளோ பாடட்டும். புத்தகத்திலும் அவ்வரியை வேறு நிறத்தில் அச்சிட்டு, பக்கத்தில் பெரியவர் முகம் ஒன்றை வரைந்துவிட்டால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும்.

நம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியர்கள் பெரும்பாலும் கர்நாடக இசை கற்றவர்கள். மேற்கத்தேய ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பை மட்டும் போட்டால் அது பலருக்கு வெறும் அலங்காரமாக நின்றுவிடும். கரோல்களில் பெரும்பாலானவை சங்கராபரண ராகத்தின் சுரங்களிலேயே நடக்கின்றன. சோகச் சாயல் உள்ள சில நடபைரவி ராகத்துக்குள் வரும். கடைசிப் பக்கங்களில் ஸ, ரி, க, ம எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் அன்றைக்கே வாசித்துவிடுவார். மேலே சொன்ன தொடக்கம் 'ப த ப க' என்று வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேல்ஸ்தாயியைக் காட்டச் சுர எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். தமிழ் எழுத்தில் அந்தப் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளியாகிவிடும், 'ப' என்பது 'ப்' ஆகும். தட்டச்சு செய்பவர் அதைப் பிழை என்று நினைத்து நீக்கியும் விடுவார். மேல்ஸ்தாயிச் சுரத்தைத் தடித்த எழுத்தில் போட்டு, அது என்ன என்பதை அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

சபைகளுக்கிடையே சொல் வேறுபடுவதையும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். லூக்கா நற்செய்தியில் குழந்தையைக் கிடத்திய இடம் பழைய மொழிபெயர்ப்பில் 'முன்னணை', பொது மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி'. மேய்ப்பர் என்பார் சிலர், இடையர் என்பார் சிலர். தேவதூதன், வானதூதர் என்ற வேறுபாடும் அப்படியே. ஞானிகள் கொண்டுவந்தது ஒரு மொழிபெயர்ப்பில் தூபவர்க்கம், மற்றதில் சாம்பிராணி. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரே வகுப்பறையில் கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கப் பிள்ளைகளும், பாட்டில் ஆசையோடு சேரும் சைவப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு சொல்லைத் தெரிந்து புத்தகம் முழுவதும் அதையே வைத்திருங்கள். 'முன்னணை' பழைய சொல்லாயிற்றே என்று தள்ள வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல்லின் அருகே அந்தப் பொருளையே வரைந்து காட்டுவதுதானே படப் புத்தகத்தின் வேலை. 'புல்லணை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்கோல் பரப்பிய தொட்டி இருந்தால் பொருள் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் வரி முன்னணை என்று சொல்லும்போது படத்தில் வெள்ளை மெத்தை போட்ட ஆட்டும் தொட்டில் இருந்தால் பிள்ளை பிழையாகக் கற்றுக்கொள்ளும்.

பக்கப் பங்கீட்டுக்கு வருவோம். 32 பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 25×36 அங்குலத் தாளில் ஒரு முகத்துக்கு எட்டு ஏ4 பக்கங்கள், இரு முகத்துக்குமாகப் பதினாறு பக்கங்கள் அமையும். ஆகவே 32 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு தாள் போதும். ஒவ்வொரு முகத்துக்கும் நான்கு நிற மைக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) என்று 16, அட்டைக்கு 4, மொத்தம் 20 பிளேட். ஒரு பாட்டைக் கூடச் சேர்க்கலாமே என்று 36 பக்கத்துக்குப் போனால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாகப் பிளேட்டும் தாளும் ஓட்டமும் தேவைப்பட்டு, செலவு பக்கக் கணக்குக்கு ஒவ்வாத அளவில் ஏறும். 8.5 அங்குலச் சதுர வடிவம் கண்ணுக்கு இனியது, உண்மைதான். ஆனால் அதே தாளில் சதுரமும் முகத்துக்கு எட்டுப் பக்கம்தான் தரும். தாளின் அகலத்தில் ஏழு அங்குலத்துக்கு மேல் வெட்டிக் கழிவாகப் போகும். ஒரே தாள் செலவுக்குப் படத்தின் பரப்பு ஏறக்குறைய கால்பங்கு குறையும்.

முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விபரம், மூன்றாவது பாட்டு அட்டவணை. 4ஆம் பக்கத்தில் இருந்து 29ஆம் பக்கம்வரை பதின்மூன்று இணைப்பக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் அருகருகே தெரியும் இரட்டைப் பக்கங்கள், கிடைக்கும். நீண்ட பாட்டு ஐந்துக்கு இரண்டிரண்டு இணைப்பக்கம், குறும்பாட்டு மூன்றுக்கு ஒவ்வொன்று. எட்டுப் பாட்டு ஒரு ஒளிவிழாவுக்குத் தாராளம். 30, 31இல் சுரக்குறிப்பு. 32இல் பிள்ளை தன் பெயரை எழுதவும் படம் கீறவும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அனுசரணையாளர் விளம்பரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரம் பின்னட்டையின் உட்புறத்துக்குப் போகட்டும்.

பக்கம் புரளும் இடம் பாட்டில் மூச்சு விடும் இடமாக இருக்க வேண்டும். சரணத்தின் நடுவில் பக்கம் புரண்டால் முப்பது பிள்ளைகளும் முப்பது விதமாக நிற்பார்கள். பல்லவியை ஒருமுறை அச்சிட்டுவிட்டு அடுத்த சரணங்களின் கீழ் 'பல்லவி' என்று மட்டும் போடுவது பெரியவர்களின் பாமாலை வழக்கம். சிறுபிள்ளை பின்னால் புரட்டிப் பார்க்காது. ஒவ்வொரு முறையும் முழுப் பல்லவியையும் போடுங்கள், அதன் அருகே ஒரே சிறு படத்தை, ஒரு மணியையோ நட்சத்திரத்தையோ, ஒவ்வொரு முறையும் வையுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட அந்த மணியைக் கண்டதும் பல்லவியை எடுத்துவிடும்.

படம் வரையத் தொடங்குவதற்கு முன் மாதிரிப் பிரதி ஒன்று செய்ய வேண்டும். எட்டு ஏ3 தாளை நடுவில் மடித்தால் 32 ஏ4 பக்கம் வரும். எழுத்தை மட்டும் கறுப்பில் அச்சடித்து, படம் வரவேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டமும் கோடும் கீறி, ஐந்தாறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாடவையுங்கள். இந்த அரைநாள் வேலையைத் தவிர்ப்பவர்கள், வரைந்து முடித்த படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டு ஒக்டோபரில் அல்லாடுவார்கள்.

இப்போது ஓவியரை அழைக்கலாம். தமிழில் கரோல் படம் வரைபவர் முதலில் கவனிக்க வேண்டிய சொல் 'பனி'. நம் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் நீர்த்துளி, தலைக்கு ஏறாமல் அம்மா துணி போர்த்திவிடும் குளிர். ஆங்கிலப் பாட்டில் அது வானில் இருந்து விழுந்து தரையை மூடும் வெண்பனி. வரியில் 'பனி' என்று மட்டும் இருந்து படத்தில் கூரைவரை வெண்பனி குவிந்திருந்தால் சொல்லும் படமும் ஒன்றையொன்று மறுக்கும். வெண்பனியே கதைக்குத் தேவையான பாட்டில் 'வெண்பனி' என்றே எழுதி, அப்படியே வரையுங்கள். பொகீமியாவின் வென்செஸ்லாஸைப் பற்றி ஜோன் மேசன் நீல் 1853இல் வெளியிட்ட பாடலில், அரசன் பனியில் பதித்த அடிச்சுவட்டில் ஏவலாள் கால் வைத்து நடக்கிறான். அங்கே பனியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அது டிசெம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளில் நடக்கும் கதை என்பதால் அந்தப் படத்தில் பாலன் குடில் வரவேண்டியதும் இல்லை. பெத்லெகேம் பாட்டுகளில் வெண்பனியையும் ஊசியிலை மரத்தையும் விட்டுவிடலாம். பெத்லெகேம் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 775 மீற்றர் உயரத்தில் உள்ள சுண்ணாம்புக்கல் மலைப்பகுதி. ஒலிவ மரம், கற்சுவர், வறண்ட மேய்ச்சல் நிலம், இரவில் நல்ல குளிர். மேய்ப்பர்கள் கம்பளி போர்த்தியிருப்பது பொருத்தம். தென்னையும் கிடுகுக் கொட்டிலும் வரைந்தால் நம் ஊர்போல் ஆகிவிடும் என்று சிலர் விரும்புகிறார்கள். எங்கள் கருத்து வேறு. கதையைப் பெத்லெகேமிலேயே விட்டுவிட்டு, பாடும் பிள்ளைகளை நம் ஊரில் வரையுங்கள். பக்கத்தின் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் கரோல் பாடிச் செல்லும் சிறுவர், வாசலில் தொங்கும் நட்சத்திரக் கூடு, தட்டில் கேக்கும் பலகாரமும். ஒரே பக்கத்தில் இரண்டு காலமும் இரண்டு இடமும் இருப்பது பிள்ளைகளுக்குக் குழப்பம் தராது.

வேதாகமத்தோடு ஒத்துப்பார்க்கவும் வேண்டும். ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கை மூன்று என்பதால் வந்த எண் அது. அவர்கள் வீட்டுக்குள் போனதாகவே அங்கே எழுதியிருக்கிறது. தொட்டியும் மேய்ப்பரும் லூக்காவில் வருவன. மாடும் கழுதையும் இரண்டு நற்செய்தியிலும் அந்த இடத்தில் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் இருந்து பின்னாளில் குடிலுக்குள் வந்தவை. இவற்றை நீக்க வேண்டும் என்பதல்ல. பிள்ளைகள் மாட்டைத்தான் முதலில் தேடுவார்கள். எந்தப் பாட்டில் யார் வருகிறார்களோ அவர்களை மட்டும் அந்தப் பக்கத்தில் வரைந்தால், மேய்ப்பர் பாட்டில் ஒட்டகம் நிற்கும் குழப்பம் வராது. 'அமைதி இரவு' பிறந்த கதையைச் சொல்லும் பக்கம் இருந்தால் கித்தாரை வரையுங்கள். 1818 டிசெம்பர் 24 அன்று ஒஸ்திரியாவின் ஒபெர்ண்டோர்ப் தேவாலயத்தில் அது முதன்முதலில் பாடப்பட்டது இரு குரலும் கித்தாரும் கொண்டுதான். வழக்கமாக வரையப்படும் பெரிய ஓர்கன் அங்கே தவறு.

இணையத்தில் எடுத்த படம் திரையில் பளிச்சென்று தெரியும், அச்சில் உடைந்துவிடும். ஏ4 பக்கத்தை ஓரம் வரை நிரப்பும் படத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீற்றர் வெட்டுமிகை (வெட்டிக் கழிக்கும் ஓரம்) சேர்த்து, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் குறைந்தது 2551×3579 புள்ளிகள் தேவை. ஆயிரம் புள்ளி அகலமுள்ள படம் ஏறத்தாழ 3.3 அங்குலத்துக்கு மேல் தாங்காது. செயற்கை நுண்ணறிவால் ஆக்கும் படங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மேய்ப்பனின் முகமும் உடையும் மாறிவிடுகின்றன, விரல் எண்ணிக்கை பிழைக்கிறது. ஒரே சிறுவனைப் பதின்மூன்று இணைப்பக்கத்திலும் தேடிக் கண்டுபிடிப்பதில் மகிழ்பவர்களே இந்தப் புத்தகத்தின் வாசகர்கள். கையால் வரையும் ஓவியர் ஒருவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. அவரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள்: எத்தனை படம், மறுபதிப்புக்கு உரிமை யாருக்கு, மூலப்படம் யாரிடம் இருக்கும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்.

எழுத்து வரவேண்டிய இடத்தை ஓவியர் தொடக்கத்திலேயே வெறுமையாக, வெளிர் நிறத்தில் விட்டுவைக்க வேண்டும். கரும் வானத்தில் வெள்ளை எழுத்து அழகுதான். ஆனால் நான்கு மையும் இம்மி பிசகினாலும் ணி, ஞ, ஐ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துவிடும். வெளிர் நிலத்தில் தனிக் கறுப்பு மை 100 சதவீதமே பாதுகாப்பு. நான்கு மையும் கலந்த கறுப்பு சிறிய எழுத்துக்கு வேண்டாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடும் ஆராதனைகளுக்கும் இதுவே வசதி. எழுத்தின் அளவு 20 முதல் 24 பொயின்ட், வரியிடைவெளி அதன் ஒன்றரை மடங்கு. தமிழ் வரி ஆங்கில வரியை விட நீளும் என்பதால் ஆங்கிலப் புத்தகத்தின் பெட்டியளவை நம்ப முடியாது. 'ர'வும் துணைக்காலும் தெளிவாக வேறுபட்டு, பாடப்புத்தக எழுத்தை ஒத்திருக்கும் எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள். அலங்கார எழுத்துரு அட்டையில் மட்டும் இருக்கட்டும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரிகளை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். தொடக்கம் முதலே யுனிகோட்டில் வேலை செய்வது நல்லது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பல்மொழிப் பத்தி அமைப்பியை (World-Ready Composer) தெரிவு செய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சுரத்துக்குக் கீழே சொல்லைப் பிரிக்கும்போது மெய்யை முந்திய எழுத்தோடு சேருங்கள்: 'அம்-மா', 'விண்-மீன்'. புள்ளியெழுத்து ஒருபோதும் துண்டின் தொடக்கத்தில் வரக்கூடாது. பீ.டி.எப். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிய பிறகும் அவர்களது திரையில் அதைத் திறந்து ஒப்புநோக்குங்கள். பாட்டுப் புத்தகத்தை ஒப்புநோக்குபவர் வாசித்தால் போதாது, பாடிக்கொண்டே பார்க்க வேண்டும். விடுபட்ட ஓர் எழுத்தைக் கண் தாண்டிவிடும், தாளம் தாண்டாது.

உள்தாள் சதுர மீற்றருக்கு 130 அல்லது 150 கிராம் நிறையுள்ள மங்கல் ஆர்ட் தாள், அட்டை அதே கணக்கில் 300 கிராம். 150 கிராம் தாளில் ஒரு பிரதி ஏறத்தாழ 187 கிராம் நிறை வரும், பிள்ளையின் கைக்குப் பாரமில்லை. பளபளப்புத் தாள் மண்டப விளக்கில் கண்ணைக் கூசச் செய்யும். அட்டைக்கும் மங்கல் லேமினேட்டிங் போதும். தாளின் நார் ஓட்டம் புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் மடிப்பில் அட்டை வெடிக்கும், கொழும்பின் ஈரக்காற்றில் பக்கம் அலைபோல் நெளியும்.

இரவு வானம் அச்சில் ஊதாவாகிவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் குறை. சியானும் (வெளிர்நீல மை) மஜென்டாவும் (கருஞ்சிவப்பு மை) சமமாகச் சேர்ந்தால் ஊதாதான் வரும். சியான் 100, மஜென்டா 60, கறுப்பு 30 சதவீதம் என்ற அளவில் வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். நான்கு மையின் கூட்டு 300 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் மை காயத் தாமதமாகி, அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரத்துக்குத் தங்கத்தகடு ஒட்டுவது பெரிய செலவு. மஞ்சள் 100உடன் மஜென்டா 15 சேர்த்து, சுற்றிலும் கரிய வானத்தை விட்டால் அது போதிய அளவு ஒளிரும்.

32 பக்கத்துக்கு நடுவில் கம்பி அடிப்பதே ஏற்றது. பசை வைத்த முதுகு தட்டையாக விரியாது, சுரக்குறிப்பு இடுக்கில் மறையும், இவ்வளவு மெல்லிய புத்தகத்தில் பசை விரைவில் விட்டும்விடும். ஆனால் கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், சிறுபிள்ளைகள் வாயில் வைப்பார்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பிரதிகளை நூலால் தைப்பியுங்கள். தடித்த தாளை மடித்து அடுக்கும்போது நடுப்பக்கங்கள் வெளியே தள்ளி, ஓரம் வெட்டும்போது அகலம் குறையும். ஆகவே வரிகளும் பக்க எண்ணும் ஓரத்தில் இருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே இருக்க வேண்டும். ஒரே தாளில் முழுமையாக அமைவது 16, 17ஆம் பக்கங்கள் மட்டுமே. புத்தகத்தின் பெரிய பாலன் குடில் படத்தை அங்கே வையுங்கள். மற்ற இணைப்பக்கங்களில் இடது வலது பாதிகள் ஒரு மில்லிமீற்றராவது விலகும், குழந்தையின் முகத்தை மடிப்பில் வைக்காதீர்கள்.

முந்நூறு பிரதிக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சுக்கும் பிளேட் வைத்து அச்சிடும் ஓப்செட்டுக்கும் இரண்டு விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆயிரம் என்றால் ஓப்செட்தான். அச்சு ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒருவர் அச்சகத்தில் நின்று, முதல் நல்ல தாளில் தோல் நிறத்தையும் வான நிறத்தையும் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும்.

நாட்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். கிறிஸ்மசுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசெம்பர் 3க்கும் இடையில் வரும். பாடசாலை ஒளிவிழாக்கள் விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். பழகுவதற்கு மூன்று வாரமாவது தேவை என்றால் புத்தகம் நவம்பர் முதல் வாரம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அச்சகங்கள் கலண்டரிலும் டயரியிலும் மூழ்கிவிடும். ஒக்டோபர் தொடக்கத்தில் அச்சுக்குப் போக, செப்டெம்பரில் பக்க வடிவமைப்பு. பதின்மூன்று இணைப்பக்கத்துக்கு ஒன்றுக்கு நான்கு வேலைநாள் என்றால் 52 நாள், ஆகவே ஜூன் நடுப்பகுதியில் ஓவியர் தொடங்க வேண்டும். மே முடிவதற்குள் எட்டுப் பாட்டின் வரிகளும் உறுதியாக வேண்டும்.

வரிகள் உறுதியான கையோடு கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் இலக்கத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இலங்கைக்குரிய இலக்கங்கள் 978-955, 978-624 என்று தொடங்கும். இரண்டாம் பக்கத்தில் பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர், மொழிபெயர்த்தவர், ஓவியர் ஆகியோரின் பெயர்களைப் பாட்டுவாரியாகப் போடுங்கள். 'தொகுப்பு' என்ற ஒரே சொல்லில் இத்தனை பேரின் உழைப்பையும் மறைத்துவிடாதீர்கள். அச்சு முடிந்ததும் பீ.டி.எப்.பை மட்டும் பெற்றுக்கொண்டு வராமல், திருத்தக்கூடிய மூலக்கோப்பு, எழுத்துரு, படங்களின் முழு அளவுப் பிரதி மூன்றையும் இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு சொல்லைத் திருத்த நேர்ந்தால், மற்றப் பிளேட்டுகளை அச்சகம் பத்திரமாக வைத்திருக்குமானால், கறுப்பு மைப் பிளேட் ஒன்றை மாத்திரம் புதிதாக எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிறுவர் நூல் வடிவமைப்பிலும் இசை கற்பித்தலிலும் ஈடுபட்டுள்ள இருவர்,
கொழும்பு 13.